மன்னர் பெயரில் ஒரு மடிநாய்

1660ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் லண்டனில் வெளிவந்த ‘மெர்க்யூரியஸ் பப்ளிகஸ்’ என்ற செய்தித்தாளில் ஒரு ‘காணவில்லை’ விளம்பரம் வந்தது. காணாமல் போனது ஒரு கறுப்பு நாய். கிரேஹவுண்டுக்கும் ஸ்பேனியலுக்கும் இடைப்பட்ட சாதி. உடம்பில் வெள்ளையே கிடையாது, நெஞ்சில் மட்டும் ஒரு கீற்று. வால் கொஞ்சம் கத்தரித்தது. நாய் மன்னருடையது. அது தானாக ஓடியிருக்காது, யாரோ திருடித்தான் இருக்க வேண்டும் என்று விளம்பரம் அடித்துச் சொல்கிறது. மன்னரிடம் கொள்ளையடிப்பதை இவர்கள் நிறுத்தவே மாட்டார்களா, ஒரு நாய்கூட அவர் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று அங்கலாய்ப்பு வேறு.

அந்த மன்னர் இரண்டாம் சார்லஸ். அப்பாவின் தலையை வெட்டிய நாட்டுக்கு, ஒன்பது ஆண்டு நாடோடி வாழ்க்கைக்குப் பிறகு திரும்பி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சிம்மாசனம் கிடைத்துவிட்டது, நாய் போய்விட்டது.

நாய்களைப் பற்றி இந்தக் கிழவன் ஏன் எழுதுகிறான் என்று வழக்கமாக இங்கே வந்து படிக்கும் நண்பர்கள் கேட்கலாம். புதுச்சேரி வரலாறு, பழைய அலுவலகக் கதைகள் என்று எழுதிக்கொண்டிருந்தவன்தான். காரணம் இருக்கிறது, போகப் போகச் சொல்கிறேன். இப்போதைக்கு, ‘காவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல்’ என்ற நீளமான பெயர் கொண்ட ஒரு சின்ன நாயின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். ஐந்தரை கிலோவிலிருந்து எட்டு கிலோ வரை எடை, தோளுயரம் ஓர் அடி அல்லது அதற்குச் சற்று மேல், தொங்கும் காதில் பட்டு மாதிரி முடி, எதையோ கேட்பது போலவே பார்க்கும் பெரிய கண்கள்.

ஸ்பேனியல் என்ற சொல்லிலேயே ஸ்பெயின் இருக்கிறது. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இது சின்ன வயதிலேயே காதில் விழுந்துவிடும். நாய் ‘எப்பாஞேல்’, ஸ்பெயின்காரர் ‘எஸ்பாஞோல்’. இரண்டையும் மாற்றி எழுதி சொல்வதெழுதுதலில் அடி வாங்கியவர்கள் எங்கள் வகுப்பில் உண்டு. நாய் உண்மையிலேயே ஸ்பெயினிலிருந்து வந்ததா என்பது வேறு விஷயம், பெயர் மட்டும் அங்கிருந்து வந்தது. ஸ்பேனியல் என்றால் முதலில் வேட்டை நாய்தான். புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பிவிடுவது அதன் வேலை. அதிலேயே சின்னஞ்சிறு வகை ஒன்று பிரிந்து, காட்டை விட்டு அரண்மனை மெத்தைக்கு வந்து சேர்ந்தது. டிஷியன் 1538இல் வரைந்த ‘உர்பினோ வீனஸ்’ ஓவியத்தில் படுக்கையின் கால்மாட்டில் செம்பட்டையும் வெள்ளையுமாக ஒன்று சுருண்டு தூங்குகிறது. அத்தனை பேர் பார்க்கும் படத்தில் அதற்கு எந்தக் கவலையும் இல்லை.

இங்கிலாந்தில் இந்த நாயைப் பற்றி முதலில் விவரமாக எழுதியவர் ஒரு வைத்தியர். ஜான் கீஸ் என்பது அவர் பெயர், கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1570இல் ஆங்கில நாய்களைப் பற்றி லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார், ஆறு ஆண்டுகளில் அது ஆங்கிலத்தில் வந்தது. சீமாட்டிகள் மடியில் வைத்துக் கொஞ்சும் இந்தக் குட்டி நாய்களை அவர் கிண்டல் செய்கிறார். ஆனால் வைத்தியர் அல்லவா, வயிற்று நோவுக்கு இதை அணைத்துக்கொண்டால் இதன் உடற்சூடு இதம் தரும் என்பதையும் விடாமல் எழுதுகிறார். ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி ஒத்தடம் கொடுக்கும் வசதி இல்லாத காலம். குளிர் நாட்டில், கல் சுவர் வைத்த அரண்மனையில், ஒரு மடிநாய்க்கு என்ன மதிப்பு என்பது டிசம்பரில் அங்கே போய் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியும்.

1587 பிப்ரவரியில் ஸ்காட்லாந்து ராணி மேரியின் தலையைத் துண்டித்தார்கள் அல்லவா? அவர் சில காலம் பிரான்சின் ராணியாகவும் இருந்தவர், அதனால் எங்கள் பள்ளிப் புத்தகத்தில் ‘மரி ஸ்துயார்’ என்று அவருக்கு ஒரு பக்கமே உண்டு. தண்டனை நிறைவேறியபின் உடலை எடுக்கப் போனவர்கள், அவருடைய பாவாடை மடிப்புகளுக்குள் ஒரு குட்டி நாய் ஒளிந்திருந்ததைக் கண்டார்கள். நேரில் பார்த்தவர் எழுதி வைத்த குறிப்பில் இது இருக்கிறது. அந்த நாய் டெரியரா ஸ்பேனியலா என்று இரண்டு சாதிக்காரர்களும் இன்றுவரை உரிமை கொண்டாடுகிறார்கள். குறிப்பில் குட்டி நாய் என்றுதான் இருக்கிறது, அதற்கு மேல் இல்லை.

மேரியின் பேரன் முதலாம் சார்லஸ். அவருடைய ஐந்து பிள்ளைகளை வான் டைக் 1637இல் வரைந்த படத்தில், ஏழு வயதுப் பையனான பிற்கால இரண்டாம் சார்லஸ் தன் உயரத்துக்குப் பெரிய மாஸ்டிஃப் நாயின் தலைமேல் கை வைத்து நிற்கிறான். எல்லோரும் அந்த மாஸ்டிஃபைத்தான் பார்ப்பார்கள். வலது ஓரத்தில் குழந்தைகளின் காலடியில் ஒரு சின்ன ஸ்பேனியல் இருக்கிறது. அதன் மூக்கைக் கவனித்து வையுங்கள். நீளமாக, கூராக இருக்கும். இந்த மூக்கு பின்னால் கதைக்குத் தேவைப்படும்.

சார்லஸ் மன்னரும் அவர் நாய்களும் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம், அந்தக் காலத்தில் லண்டனில் இரண்டு பேர் விடாமல் நாட்குறிப்பு எழுதினார்கள். நம் ஆனந்தரங்கப் பிள்ளையைப் போல. ஒருவர் சாமுவேல் பீப்ஸ், கடற்படை அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தவர். (எழுத்தர்கள்தான் வரலாற்றைக் காப்பாற்றுகிறார்கள் என்று நான் சொன்னால் யார் நம்புகிறார்கள்!) 1660 மே மாதம் மன்னர் டோவரில் கரையிறங்கியபோது, மன்னருக்குப் பிரியமான நாயுடன் வேறொரு படகில் பீப்ஸ் வந்தார். நாய் படகிலேயே அசிங்கம் செய்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். மன்னரும் மன்னரைச் சேர்ந்தவையும் மற்றவர்களைப் போலத்தான் என்று பீப்ஸ் அன்று எழுதி வைத்தார். 1667 செப்டம்பரில் மந்திராலோசனை நடக்கும்போது மன்னர் காரியத்தைக் கவனிக்காமல் நாயோடு விளையாடிக்கொண்டிருந்ததையும் அவர்தான் எரிச்சலோடு குறிக்கிறார். இன்னொருவர் ஜான் ஈவ்லின். மன்னர் 1685இல் இறந்தபோது, நாய்கள் மன்னரின் படுக்கையறையிலேயே குட்டி போட்டுப் பால் கொடுத்ததையும், அரண்மனை முழுக்க நாற்றமெடுத்ததையும் எழுதினார்.

இந்த நாய்களை நாடாளுமன்றம் உட்பட எந்தப் பொது இடத்திலும் தடுக்கக் கூடாது என்று சார்லஸ் சட்டம் போட்டார், அது இன்னும் அமலில் இருக்கிறது என்று ஒரு கதை உலகம் முழுவதும் சுற்றுகிறது. என் மாப்பிள்ளைகூட விருந்தில் சொன்னார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தாரே தேடிப் பார்த்து அப்படி ஒரு சட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அரசாணை எண்ணும் தேதியும் இல்லாத சட்டத்தை நம்பக் கூடாது என்பது என் முப்பத்து மூன்று வருட சர்வீஸ் பாடம்.

அடுத்தது மார்ல்பரோ பிரபு. 1704இல் பவேரியாவில் பிளென்ஹெய்ம் என்ற இடத்தில் பதினான்காம் லூயியின் படையை நொறுக்கியவர். ஆங்கிலேயர்கள் அந்த ஊர்ப் பெயரில் அவருக்கு ஓர் அரண்மனையே கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் பிரெஞ்சுப் பாடத்தில் அந்தப் போருக்கு ‘ஹோக்ஸ்டெட்’ என்று வேறு ஊர்ப் பெயர், அதுவும் ஒற்றை வரி. தோற்ற போரைப் பற்றி யார் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்? ஆனால் குழந்தைகள் வட்டமாக நின்று பாடும் ‘மால்ப்ரூ’ பாட்டு இவரைப் பற்றியதுதான். அதைப் பாடிய எங்களுக்கு அது தெரியாது. இந்த மார்ல்பரோ குடும்பம் வளர்த்த செம்பட்டை-வெள்ளை ஸ்பேனியல்களுக்கே பிளென்ஹெய்ம் என்று பெயர் வந்தது. இன்றும் இந்தச் சாதியில் அந்த நிறத்துக்கு அதுதான் பெயர். நடு உச்சியில் ஒரு செம்பட்டைப் பொட்டு இருந்தால் விசேஷம். போர்ச் செய்திக்காகக் காத்திருந்த பிரபுவின் மனைவி சாரா, சினையாக இருந்த நாயின் தலையில் கட்டைவிரலை அழுத்தி அழுத்தி வைத்துக்கொண்டிருந்தாராம், பிறந்த குட்டிகளின் தலையில் எல்லாம் அந்த விரல் பதிந்துவிட்டதாம். அணிலுக்கு ராமர் போட்ட கோடு நமக்கு இருக்கும்போது இதைக் குறை சொல்ல முடியாது.

விக்டோரியா ராணி சிறுமியாக இருந்தபோது அவருக்கு இருந்த நெருங்கிய விளையாட்டுத் துணை ‘டாஷ்’ என்ற ஸ்பேனியல். 1838 ஜூன் 28 அன்று முடிசூட்டு விழா முடிந்து அரண்மனைக்குத் திரும்பிய 19 வயது ராணி, உடை மாற்றிக்கொண்டு முதல் வேலையாக டாஷைக் குளிப்பாட்டினார் என்று சொல்வார்கள்.

இதுவரை எல்லாம் சுகமான கதை. விக்டோரியா காலத்தில்தான் கெடுதல் ஆரம்பிக்கிறது.

நாய்க் கண்காட்சிகள் பெருகின. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் வந்தது, அதோடு வம்சப் பதிவேடும் வந்தது. பதிவேட்டில் உள்ள நாய், பதிவேட்டில் உள்ள நாயோடு மட்டும்தான் சேர வேண்டும், அப்படிப் பிறந்த குட்டிக்குத்தான் சான்றிதழ். அதே சமயம் சீனா, ஜப்பான் பக்கமிருந்து வந்த சப்பை மூக்கு நாய்கள் நாகரிகமாயின. அவற்றோடு கலந்ததால் என்பது பொதுவான கருத்து, நம் ஸ்பேனியலின் மூக்கும் தலைமுறைக்குத் தலைமுறை உள்ளே போனது, மண்டை உருண்டையானது. வான் டைக் வரைந்த கூர் மூக்கு ஐம்பது அறுபது ஆண்டுகளில் காணாமல் போய்விட்டது. அந்தச் சப்பை மூக்கு நாய்க்குத்தான் இன்று ‘கிங் சார்லஸ் ஸ்பேனியல்’ என்று பெயர். 1903இல் கென்னல் கிளப் அந்தப் பெயரை எடுத்துவிட்டு ‘டாய் ஸ்பேனியல்’ என்று பொதுப் பெயர் வைக்கப் பார்த்தது. ஏழாம் எட்வர்டு மன்னர் தலையிட்டுப் பழைய பெயரைக் காப்பாற்றினார். பெயரை மட்டும்.

மூக்கைக் காப்பாற்ற வந்தவர் ஓர் அமெரிக்கர். ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அந்தப் பணக்காரர், படங்களில் பார்த்த நீள மூக்கு ஸ்பேனியலைத் தேடி 1920களில் இங்கிலாந்து வந்தார். கிடைக்கவில்லை. உடனே, 1926 கிரஃப்ட்ஸ் கண்காட்சியிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு, பழைய படங்களில் உள்ளது போன்ற நீண்ட முகமும் தட்டையான மண்டையும் உச்சிப் பொட்டும் உள்ள பிளென்ஹெய்ம் ஸ்பேனியலைக் கொண்டுவந்தால் ஆணுக்கு 25 பவுண்டு, பெண்ணுக்கு 25 பவுண்டு பரிசு என்று அறிவித்தார். நாய் வளர்ப்பவர்கள் கேலி செய்தார்கள். பாடுபட்டுச் சப்பையாக்கிய மூக்கை மறுபடி நீட்டச் சொல்கிறானே என்று. ஆனால் 25 பவுண்டு அன்று பெரிய தொகை. அதுவரை மூக்கு நீளம் என்று ஒதுக்கப்பட்ட நாய்கள் மெல்ல மேடைக்கு வந்தன. 1928இல் ‘ஆன்ஸ் சன்’ என்ற நாய் பரிசு வாங்கியது. அதே கண்காட்சியில் சிலர் கூடிச் சங்கம் அமைத்து, அந்த நாயையே மாதிரியாக வைத்து இலக்கணம் எழுதினார்கள். இந்த நாயின் முடியைக் கத்தரித்து அலங்காரம் செய்யக் கூடாது, இயற்கையாகவே இருக்க வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்மானம் அது. சப்பை மூக்கிலிருந்து வேறுபடுத்த ‘காவலியர்’ என்று முன்னொட்டு சேர்த்தார்கள். பிரெஞ்சில் அது குதிரை வீரன், இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மன்னர் கட்சிக்காரர்களுக்கு அந்தப் பெயர். எல்ட்ரிட்ஜ் இதையெல்லாம் பார்க்கவில்லை. அந்த வருடமே காலமாகிவிட்டார்.

பிறகு யுத்தம் வந்தது. மனிதருக்கே ரேஷன் என்னும்போது நாய்க்கு எங்கே போவது? இந்தச் சாதியை வளர்த்ததில் முக்கியமானவர் திருமதி ஏமிஸ் பிட். அவருடைய நாய்ப் பண்ணைக்குப் பெயர் ‘டிட்டிவெ’, ஹெவிட் என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து எழுதியது. அந்தப் பண்ணையில் 60 நாய்கள் இருந்தது 1940களில் மூன்றாகக் குறைந்தது. 1945இல் கென்னல் கிளப் காவலியரைத் தனிச் சாதியாக ஏற்றுப் பதிவேடு திறந்தபோது, கையில் மிஞ்சியவை மிகச் சில. அந்தச் சிலவற்றின் வழித்தோன்றல்கள்தான் இன்று உலகம் முழுவதும் உள்ள காவலியர்கள். 1973இல் கிரஃப்ட்ஸில் ஒரு காவலியர் எல்லாச் சாதிகளையும் வென்று முதல் பரிசு வாங்கியதும் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

சிறு முதலில் பெரிய வியாபாரம் நடத்தினால் என்ன ஆகும்? கடன் எங்கோ ஓரிடத்தில் ஏறிக்கொண்டே போகும். இங்கே அது இதயத்தில் ஏறியது. இடப்பக்க இதய அறைகளுக்கு நடுவில் உள்ள மைட்ரல் வால்வு, கதவு கீல் தளர்வது போலத் தளர்ந்து, ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. வயதான சின்ன நாய்கள் பலவற்றுக்கும் வருவதுதான். காவலியருக்கு மட்டும் இளமையிலேயே வருகிறது. ஐந்து வயதில் ஏறத்தாழ பாதி நாய்களுக்கு ஸ்டெதாஸ்கோப்பில் அந்த முணுமுணுப்புச் சத்தம் கேட்கும். பத்து வயதில் கேட்காத நாய் அபூர்வம். இன்னொன்று மண்டை. மூளைக்கு ஏற்ற இடம் பின்மண்டையில் இல்லாமல், மூளையின் ஒரு பகுதி பிதுங்கி, தண்டுவடத்துக்குள் நீர்ப்பைகள் உண்டாகின்றன. கடுமையான வலி. அப்படிப்பட்ட நாய் தோளைச் சொறிவது போலப் பின்னங்காலைக் காற்றில் ஆட்டும், கால் உடம்பில் படாது. 2008இல் பிபிசி காட்டிய ஓர் ஆவணப்படத்தில் இந்த வேதனையைப் பார்த்து இங்கிலாந்தே அதிர்ந்தது. அடுத்த வருடம் கிரஃப்ட்ஸ் கண்காட்சியை ஒளிபரப்ப பிபிசி மறுத்துவிட்டது. 2021இல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் எட்டுச் சாதி நாய்களின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, தீங்கான மாற்றங்கள் மிக அதிகமாகத் தேங்கியிருந்தது காவலியரில்தான்.

இப்போது என் காரணத்துக்கு வருகிறேன். என் மகள் குடும்பம் துலூஸில் இருக்கிறது. அவர்களிடம் லுலு என்று ஒரு காவலியர் இருந்தாள். பிரான்சில் வம்சப் பதிவேட்டு நாய்களுக்கு ஒவ்வொரு வருடமும் ஓர் எழுத்து, அந்த வருடம் பிறந்தவற்றின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்க வேண்டும். 2015க்கு ‘எல்’, 2016க்கு ‘எம்’. பெயரைக் கேட்டதும் வயது தெரிந்துவிடும். கோப்பு எண்ணுக்கு இப்படி ஒரு முறை நம் அலுவலகத்தில் இருந்திருந்தால் எத்தனை கட்டுகளைப் பிரிக்காமல் இருந்திருக்கலாம்! லுலுவை விற்றவர் பெற்றோரின் சான்றிதழ், தாத்தா பாட்டி வாங்கிய கோப்பைகள் எல்லாம் காட்டினார். அப்பா அம்மாவின் இதயச் சோதனை அறிக்கையை மட்டும் காட்டவில்லை. கேட்டபோது, வீட்டில் எல்லாம் ஆரோக்கியம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆறு வயதில் சத்தம் கேட்டது. எட்டு வயதில் இதயம் பெருத்துவிட்டது. அந்தக் குளிர்காலம் நான் அங்கே நாலு மாதம் இருந்தேன். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேத்தி பள்ளிக்கூடம். நானும் லுலுவும்தான் வீட்டில். பிமோபெண்டான் என்ற மாத்திரை காலையிலும் மாலையிலும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இதயம் பெருத்தும் இன்னும் மூச்சுத் திணறல் தொடங்காத நாய்களுக்கு இந்த மருந்து சுமார் 15 மாதம் கூடுதல் நல்ல காலம் தருவதாகத் தெரிந்தது. மருத்துவர் எனக்குக் கொடுத்த வேலை இன்னொன்று. நாய் தூங்கும்போது மூச்சை எண்ண வேண்டும், நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் சரி. தொடர்ந்து அதற்கு மேல் போனால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள், உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். “அப்பா, நீங்கதான் கணக்குல புலியாச்சே, எண்ணி எழுதி வைங்க” என்றாள் மகள். கட்டம் போட்ட நோட்டில் தேதி, நேரம், எண்ணிக்கை என்று மூன்று பத்தி. 22, 24, 22, 26. நான் ஊர் திரும்பும்வரை 30ஐத் தொடவில்லை. அதற்குப் பிறகு அந்த நோட்டைப் பேத்தி எழுதினாள். லுலு ஒன்பது வயதில் போய்ச் சேர்ந்தாள்.

வளர்ப்பு விஷயத்தில் அந்த நாலு மாதத்தில் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கழுத்துப் பட்டை வேண்டாம், நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார் நல்லது. கழுத்து வலி இருக்கக்கூடிய சாதி. காது தொங்கிக் காற்றுப் புகாமல் இருப்பதால் வாரம் ஒரு முறை திறந்து பார்த்துத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் புழுக்கத்தில் புண் வரும். சீப்பு இரண்டு நாளுக்கொரு தரம், முக்கியமாகக் காதுக்குப் பின்னும் அக்குளிலும். அங்கேதான் சிக்குப் பிடிக்கும். தீனிப்பண்டாரம், எதைக் காட்டினாலும் சாப்பிடும், எடை ஏறினால் இதயத்துக்குக் கேடு. திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட், வெங்காயம் இவை எல்லாமே நாய்க்கு விஷம். ஓடும் பறவையைக் கண்டால் பழைய வேட்டைப் புத்தி திரும்பிவிடும், ரோடு கார் எதுவும் கண்ணில் படாது, அதனால் தெருவில் வாரை விடக் கூடாது. தனியாக இருக்கத் தெரியாது. நான் குளியலறைக்குப் போனால் கதவடியில் மூக்கை நுழைத்துப் படுத்திருக்கும். புதுச்சேரியில் ஒருவர் இது வாங்கலாமா என்று கேட்டார். ஏப்ரல், மே மாதத்தில் இங்கே நமக்கே மூச்சு முட்டுகிறது. பழுதான இதயம் வரக்கூடிய ஒரு குளிர் நாட்டு நாய்க்கு அது வேண்டாம் என்று சொன்னேன்.

இந்தச் சாதியே இனி வேண்டுமா என்ற கேள்வி நார்வேயில் நீதிமன்றம் வரை போனது. அங்குள்ள விலங்கு நலச் சங்கம் கென்னல் கிளப்பின் மீதும் சில வளர்ப்பாளர்கள் மீதும் வழக்குப் போட்டது. 2022 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் புல்டாக், காவலியர் இரண்டையும் இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்றது. மேல் முறையீட்டில் புல்டாக்காரர்கள் தப்பினார்கள், காவலியர்காரர்கள் தப்பவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இருக்கிற நாயை வைத்துக்கொள்ளலாம். காவலியரோடு காவலியரைச் சேர்த்துக் குட்டி எடுக்கக் கூடாது. வேறு சாதியோடு திட்டமிட்டுக் கலந்து உடல் தேறப் பார்க்கலாம். தீர்ப்பைப் படித்தபோது எனக்கு எல்ட்ரிட்ஜ் நினைவுக்கு வந்தார். அவர் போன மூக்கை மீட்டார், பதிவேட்டுக்குள் இருந்தே மீட்க முடிந்தது. இதயத்தை அப்படி மீட்க முடியுமா? டென்மார்க்கில் ஓரளவு முடிந்திருக்கிறது. அங்கே இதயச் சோதனையில் தேறிய நாய்களை மட்டும் சேர்ப்பது என்று கட்டாய விதி வைத்தார்கள். 2002 முதல் 2011 வரையிலான கணக்கில், தாயும் தகப்பனும் அந்த விதிப்படி தேறியிருந்த நாய்களுக்கு வால்வு கசியும் அபாயம் 73 விழுக்காடு குறைந்திருந்தது. நார்வேக்காரர்கள் சொல்வது, மண்டையும் இதயமும் இரண்டுமே கெட்டுப்போனபின் உள்ளுக்குள்ளேயே தேடினால் போதாது என்பது. நான் நார்வே பக்கம்தான். வெளி ரத்தம் கொஞ்சம் வந்தால் பொட்டு மறையும், காது முடி குறையும், அதனால் என்ன? வான் டைக் காலத்து நாய்க்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்?

மகள் வீட்டில் லுலுவுக்குப் பிறகு ஆறு மாதம் யாரும் நாய்ப் பேச்சு எடுக்கவில்லை. அப்புறம் பேத்தி ஆரம்பித்தாள், அதே மாதிரிதான் வேண்டும் என்று. இப்போது பிரான்சில் முதன்முறை நாய் வாங்குகிறவர், அதன் தேவைகளும் செலவும் தெரியும் என்று ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டு ஏழு நாள் பொறுத்திருக்க வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து அந்த விதி. 2024லிருந்து கடைகளில் நாய் விற்கவே தடை. மாப்பிள்ளை அந்த ஏழு நாளை ஏழு மாதமாக்கினார். என்னிடமும் கேட்டார்கள். குட்டி வாங்குவதானால் தாய் தகப்பன் இரண்டுக்கும் இதய நிபுணர் பார்த்த அறிக்கை, ஐந்து வயதில் பார்த்தது, காகிதமாகக் கையில் வேண்டும், வாய் வார்த்தை வேண்டாம் என்றேன். பெற்றோர் இரண்டரை வயதுக்கு முன் சேர்க்கப்பட்டிருக்கக் கூடாது, மண்டைக்கு எம்ஆர்ஐ எடுத்திருந்தால் அதன் பிரதியும் வேண்டும் என்று சேர்த்துச் சொன்னேன்.

“தாத்தா, குட்டியே எதுக்கு?” என்றாள் பேத்தி தொலைபேசியில். பண்ணைகளில் குட்டி போட்டு ஓய்வு பெற்ற பெண் நாய்களை வீடுகளுக்குக் கொடுப்பதுண்டாம். ஆறு, ஏழு வயது ஆகியிருக்கும். அந்த வயதில் இதயம் எப்படி என்பது ஊகமில்லை, கேட்டே தெரிந்துகொள்ளலாம். லிமோழ் பக்கத்தில் ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். ‘ஓ’ எழுத்துப் பெயர், ஆக 2018 பிறப்பு. மூன்று நிறம். உச்சியில் பொட்டு இல்லை. போன மாதம் எடுத்த ஸ்கேனில் வால்வில் கசிவில்லை. நோட்டில் பாக்கிப் பக்கங்கள் நிறைய இருக்கின்றன என்று பேத்தி சொன்னாள்.